சர்வர் அறையை கிளவுடுக்கு மாற்றுவது எப்படி

மாடிப்படிக்குக் கீழே ஏசி போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு டவர் சர்வர், ஒரு யுபிஎஸ், நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் ஒரு நாஸ் பெட்டி. சர்வரில் விண்டோஸ், எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸை நம்பி ஓடும் ஒரு ஈஆர்பி (பில், ஸ்டாக் எல்லாம் நடத்தும் மென்பொருள்), டேலி, எல்லாருக்கும் பொதுவான ஃபைல் ஷேர். கோவை, திருப்பூர், அம்பத்தூர் என்று எங்கே பார்த்தாலும் 50 பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஐடி ஏறத்தாழ இவ்வளவுதான். இதைக் கிளவுடுக்குக் கொண்டுபோவதற்கான வழிமுறை இது. எடுத்துக்காட்டுகளுக்கு அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸை எடுத்துக்கொள்கிறேன்; மைக்ரோசாஃப்ட்டின் அசூர், கூகுள் என்றாலும் வேலையின் வரிசை மாறாது.

டேட்டாவை நகர்த்துவது இதில் சுலபமான பகுதி. மாற்றிய பிறகு உடைவது பெரும்பாலும் எவரும் எழுதி வைக்காத இணைப்புகள்தான்: சர்வரின் ஐபி எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கருவி, பழைய மதர்போர்டோடு கட்டிப்போட்ட ஒரு லைசென்ஸ், அலுவலகத்துக்குள்ளான நெட்வொர்க்கின் (லேன்) வேகத்தை நம்பி எழுதிய ஒரு மென்பொருள். அதனால் மொத்த நேரத்தில் பாதியையாவது மாற்றத்துக்கு முந்தைய வேலைக்கு ஒதுக்குங்கள்.

கணக்கெடுப்புக்கு ஒரு முழு மாதம்

ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பட்டியல் போட்டால் தவறும். மாதக் கடைசி ஸ்டாக் கணக்கு, 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15-ல் பிஎஃப், 20-ல் ஜிஎஸ்டிஆர்-3பி என்று மாதத்துக்கு ஒரே ஒரு முறை ஓடும் வேலைகள் அந்த வாரத்தில் தலைகாட்டாமல் போகலாம். சர்வருக்கு வரும் இணைப்புகளை 30 நாளுக்குப் பதிவு செய்யுங்கள்: எந்த ஐபியிலிருந்து, எந்த போர்ட்டுக்கு, எந்த நேரத்தில். குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள் இருக்கும் டாஸ்க் ஷெட்யூலரையும் எஸ்க்யூஎல் ஏஜென்ட்டையும் வரி வரியாகப் படியுங்கள்.

அப்போது தெரியவருபவை வழக்கமாக இவை: பயோமெட்ரிக் வருகைப் பதிவுக் கருவி, எடைமேடை, பார்கோடு பிரிண்டர், ஸ்கேன் செய்ததை நேராக ஃபோல்டரில் போடும் ஜெராக்ஸ் மெஷின், ஈஆர்பியிலிருந்து நேராக டேட்டா இழுக்கும் யாரோ ஒருவரின் எக்செல் ஷீட், 25-ம் போர்ட்டில் மெயில் அனுப்பும் அலர்ட், யுஎஸ்பி டாங்கிள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை நம்பி வேலை செய்பவர் பெயரை எழுதுங்கள். பெயர் கிடைக்காத வேலையை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். யாரும் கேட்கவில்லையென்றால் அதை மாற்றவே வேண்டாம்.

அதே மாதத்தில் சிபியு, ராம், டிஸ்க் ஐஓபிஎஸ் (விநாடிக்கு எத்தனை முறை படிக்கிறது, எழுதுகிறது) மூன்றையும் விண்டோஸோடு வரும் பெர்ஃப்மானில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய சர்வரில் 64 ஜிபி ராம் இருந்தது என்பதற்காகக் கிளவுடிலும் 64 எடுப்பது பணத்தை வாரி இறைப்பது. அளந்ததில் 95% நேரம் எந்த அளவுக்குள் இருந்ததோ அதுதான் உங்கள் தேவை.

எது போகும், எது இங்கேயே இருக்கும்

மெயில் இன்னும் சொந்த சர்வரில் இருந்தால் அதை முதலில், தனியாக, மைக்ரோசாஃப்ட் 365 அல்லது கூகுள் ஒர்க்ஸ்பேஸுக்கு மாற்றிவிடுங்கள். ஃபைல் ஷேரில் தினசரி கைபடும் ஆவணங்கள் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றுக்குப் போகலாம். பத்து வருடப் பழைய ஃபோல்டர்களுக்கு மலிவான ஆர்கைவ் சேமிப்பு போதும். பயோமெட்ரிக் மென்பொருளும் லேபிள் அச்சடிப்பும் தொழிற்சாலையிலேயே ஒரு சின்ன பிசியில் இருக்கட்டும். இணையம் அரை மணி நேரம் போனாலும் லாரி கேட்டில் நிற்கக் கூடாது.

ஈஆர்பி டேட்டாபேஸை ஏடபிள்யூஎஸ்ஸின் ஆர்டிஎஸ் போன்ற நிர்வகிக்கப்படும் சேவையில் வைப்பதா, விர்ச்சுவல் சர்வரில் நாமே எஸ்க்யூஎல் நிறுவுவதா என்ற கேள்வி வரும். ஆர்டிஎஸ்ஸில் டேட்டாபேஸ் சர்வரின் முழு அதிகாரமான சிஸ்அட்மின் உரிமை கிடைக்காது. உள்ளூர் ஈஆர்பி பலவற்றின் இன்ஸ்டாலர் அந்த உரிமையைக் கேட்டு அடம்பிடிக்கும். முதல் வருடம் விர்ச்சுவல் சர்வரிலேயே ஓட்டுங்கள். ஒரே மூச்சில் இடத்தையும் மாற்றி அமைப்பையும் மாற்றினால், பிழை வரும்போது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

லேட்டன்சி

லேட்டன்சி என்றால் டேட்டா போய்வர ஆகும் தாமதம். சொதப்பல் அதிகம் நடக்கும் இடம் இதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய பாணி ஈஆர்பியில் ஒரு ஸ்டாக் திரை திறக்க டேட்டாபேஸிடம் 600 கேள்வி (குவரி) போகிறது என்று வைத்துக்கொள்வோம். லேனில் ஒரு போய்வரவுக்கு அரை மில்லி விநாடி, மொத்தம் 0.3 விநாடி, கண்ணுக்கே தெரியாது. டேட்டாபேஸ் மட்டும் மும்பையிலுள்ள கிளவுடுக்குப் போய், போய்வரவு 30 மில்லி விநாடி ஆனால் அதே திரைக்கு 18 விநாடி. இணைய வேகத்தை 100-லிருந்து 500 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் இந்த 18 குறையாது. பிரச்சினை அகலத்தில் இல்லை, தூரத்தில்.

இதை மாற்றிய பிறகு கண்டுபிடிக்கத் தேவையில்லை. கிளம்ஸி என்ற இலவசக் கருவியை ஒரு பிசியில் போட்டு, போகும் வழியிலும் வரும் வழியிலும் 15 மில்லி விநாடி தாமதம் வைத்து, அதே பிசியில் ஒரு நாள் பில் போடச் சொல்லுங்கள். தாங்க முடியவில்லையென்றால் டேட்டாபேஸோடு ஈஆர்பியின் கிளையன்ட்டும் கிளவுடுக்குப் போக வேண்டும். பயனர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதைப் பார்ப்பார்கள். டேலிக்கும் இதுதான் வழி. டேலி டேட்டா ஃபோல்டரைக் கிளவுடில் வைத்துவிட்டு விபிஎன் (இணையத்தின் மேல் போடும் தனிப் பாதை) வழியாக அலுவலக பிசியிலிருந்து திறப்பது வேண்டவே வேண்டாம்: நத்தை வேகத்தில் ஓடும், நடுவில் லைன் அறுந்தால் டேட்டா கெடும்.

ரிமோட் டெஸ்க்டாப் என்று முடிவானால், ஒரே நேரத்தில் வேலை செய்பவர் ஒருவருக்கு 1 முதல் 2 ஜிபி ராம், 250 கேபிபிஎஸ் இணையம் என்று திட்டமிடலாம். அலுவலகத்துக்கு இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பு கட்டாயம். ஒரே கம்பத்தில் வரும் இரண்டு ஃபைபரை இரண்டு என்று எண்ணாதீர்கள்.

அச்சடிப்பையும் முன்கூட்டியே சோதியுங்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் மூன்று நகல் இன்வாய்ஸ் அடிக்கும் இடங்களில், விண்டோஸின் ஈஸி பிரிண்ட் வசதி எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பும். பில் ஒன்றுக்கு நிமிடக் கணக்கில் இழுக்கும், கட்டங்களும் நகர்ந்துவிடும். அந்த பிரிண்டரின் சொந்த டிரைவரைக் கிளவுட் சர்வரில் நிறுவி, ஈஸி பிரிண்ட்டுக்கு முன்னுரிமை தரும் பாலிசியை அணைத்தால் பெரும்பாலும் சரியாகும். டிஜிட்டல் கையொப்பத்துக்கான டிஎஸ்சி டோக்கன் வைத்துக் கையொப்பமிடும் வேலையை உள்ளூர் பிசியிலேயே விட்டுவிடுங்கள்.

லைசென்ஸ்

சர்வரோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் லைசென்ஸ் அந்தப் பெட்டியோடு முடிந்தது. ஏடபிள்யூஎஸ்ஸின் சாதாரண இன்ஸ்டன்ஸ்களில் (வாடகை விர்ச்சுவல் சர்வர்கள்) விண்டோஸ் கட்டணம் மணி வாடகையிலேயே சேர்ந்திருக்கும். எஸ்க்யூஎல் சர்வர் லைசென்ஸை எடுத்துச் செல்ல மைக்ரோசாஃப்ட்டின் சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் ஒப்பந்தம் நடப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்கும் வாடகைதான். கோர் கணக்கில் குறைந்தது 4 கோர் என்பதால், 2 கோர் இன்ஸ்டன்ஸ் எடுத்தாலும் லைசென்ஸ் செலவு குறையாது.

விண்டோஸ் சர்வரில் இலவசமாகக் கிடைப்பது நிர்வாகத்துக்கான இரண்டு ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புகள் மட்டும். அதற்கு மேல் ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) லைசென்ஸ் வேண்டும். நிறுவிய நாளிலிருந்து 120 நாள் சலுகைக் காலம் உண்டு. அதுவரை எல்லாம் ஒழுங்காக ஓடுவதால் வாங்க மறந்துவிடுவார்கள். 121-ம் நாள் காலை யாருமே உள்ளே நுழைய முடியாது. நிறுவும் அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். (இதே சுருக்கப்பெயரில் ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவையும் இருப்பது யார் செய்த குறும்போ.)

அக்கவுன்ட், நெட்வொர்க்

எல்லா அதிகாரமும் உள்ள ரூட் அக்கவுன்ட்டை எந்த ஊழியரின் சொந்த மெயிலிலும் திறக்காதீர்கள். நிறுவனத்தின் பொது மெயில், நிறுவனத்தின் சிம், கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்புக்கான இரண்டு எம்எஃப்ஏ சாதனங்கள், அதில் ஒன்று நிர்வாகியின் பீரோவில். தினசரி வேலைக்கு ரூட்டைத் தொடக் கூடாது.

ரீஜன் (டேட்டா சென்டர்கள் இருக்கும் இடம்) மும்பை, பேக்கப் நகலுக்கு 2022-ல் வந்த ஹைதராபாத். சென்னையில் அசூர் ரீஜன் இருக்கிறது என்று அதையே எடுப்பவர்கள், தங்களுக்கு வேண்டிய சர்வர் வகைகளும் சேவைகளும் அங்கே உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். அசூரின் புனே ரீஜனில் இருப்பதெல்லாம் சென்னையில் கிடைப்பதில்லை.

அலுவலக நெட்வொர்க்கின் ஐபி வரிசை 192.168.1.0/24 என்றால் ஊழியர்களின் வீட்டு ரூட்டர் பலவும் அதேதான். கிளவுடுக்கு 10.20.0.0/16 போல இரண்டோடும் மோதாத வரிசையை எடுங்கள். விபிஎன்னுக்கு அலுவலகத்தில் ஸ்டாட்டிக் ஐபி வாங்குங்கள். விபிஎன் வந்த பிறகு பிங் போகிறது, ஆனால் ரிமோட் டெஸ்க்டாப் கருப்புத் திரையில் நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் பாக்கெட் அளவின் மேல். ரூட்டரில் ஒரு பாக்கெட்டில் ஏறும் டேட்டாவின் உச்ச அளவைச் சொல்லும் எம்எஸ்எஸ் மதிப்பை 1379-க்கு இறக்கிப் பாருங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை ஒரு மணி நேரத்துக்குக்கூட உலகத்துக்குத் திறந்து வைக்கக் கூடாது. கடவுச்சொல்லை முயன்று பார்க்கும் பாட்கள் நிமிடங்களில் வந்து நிற்கும்.

25-ம் போர்ட்டில் வெளியே மெயில் அனுப்புவது கிளவுடில் இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கும். ஈஆர்பியின் மெயில் அமைப்பை 587-க்கு, கடவுச்சொல்லோடு மாற்றுங்கள்.

நேர மண்டலத்தை மறக்காதீர்கள். புதிய விண்டோஸ் இன்ஸ்டன்ஸ் யுடிசியில் (உலகப் பொது நேரம்) வரும். இரவு ஷிஃப்டில் ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்குப் போடும் இன்வாய்ஸில் மார்ச் 31 என்று விழும். தேதி மட்டுமல்ல, நிதியாண்டே மாறிப்போகும். முதல் வேலையாக இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள்.

அளவும் பில்லும்

டேட்டாபேஸுக்கு டி வரிசை இன்ஸ்டன்ஸ் வேண்டாம். டி3 மீடியத்தில் ஒரு விர்ச்சுவல் சிபியுவுக்கு அடிப்படை 20% தான். அதற்கு மேல் கிரெடிட்டில் ஓடும், தீர்ந்தால் கூடுதல் கட்டணம். எம் அல்லது ஆர் வரிசை எடுங்கள். டிஸ்க் வகை ஜிபி3 (gp3): எந்த அளவானாலும் 3000 ஐஓபிஎஸ், விநாடிக்கு 125 எம்பி வேகம் அடிப்படையிலேயே உண்டு. பழைய ஜிபி2 (gp2) வகையில் 100 ஜிபி டிஸ்க்குக்கு நிலையாகக் கிடைப்பது 300 ஐஓபிஎஸ் மட்டும். காலையில் பறந்து பதினொரு மணிக்குத் திணறும் சர்வருக்கு அதுவே காரணமாக இருக்கும்.

ஒரு மாதம் 730 மணி நேரம். ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் தினம் 12 மணி வீதம் 26 நாள் ஓடினால் 312 மணி. இரவில் தானாக அணையும்படி வைத்தால் வாடகை 43 சதவீதமாகும். டிஸ்க் கட்டணம் மட்டும் அணைத்தாலும் ஓடும். வெளியே போகும் டேட்டாவுக்கு முதல் 100 ஜிபி இலவசம், பிறகு மும்பையில் ஜிபிக்குச் சுமார் 11 அமெரிக்க சென்ட். 30 பேர் தலா 250 கேபிபிஎஸ் வீதம் நாளுக்கு 8 மணி நேரம் இழுத்தால் மாதம் 700 ஜிபி, 66 டாலர். திட்டத்தில் இந்த வரியை விட்டவர்களுக்குத்தான் முதல் பில் அதிர்ச்சி தரும். மேலே 18% ஜிஎஸ்டி. அக்கவுன்ட்டில் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்தால்தான் உள்ளீட்டு வரி எடுக்க முடியும்.

கார்டில் தானாகக் கழியும் என்று இருந்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேல் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். பில் கட்டத் தவறினால் அக்கவுன்ட் முடங்கலாம். மாதாமாதம் பில்லைக் கட்டுவதைக் கணக்குப் பிரிவில் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். பட்ஜெட் அலர்ட் வையுங்கள். ஆனால் அது மெயில் மட்டும்தான் அனுப்பும், செலவை நிறுத்தாது.

டேட்டாவை நகர்த்துவது

2 டிபியை 100 எம்பிபிஎஸ் அப்லோடில் அனுப்பக் காகிதக் கணக்கில் 44 மணி நேரம். நடைமுறையில் 70% கிடைத்தால் 63. பகலில் வேகத்தைக் கட்டுப்படுத்தினால் ஒரு வாரம். அதனால் முதல் நகலை இரண்டு வாரம் முன்பே தொடங்கி, பிறகு மாறியவற்றை மட்டும் இரவில் அனுப்புங்கள்.

ஃபைல்களுக்கு விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி போதும். ஆனால் அதன் இயல்பு அமைப்பு, திறக்க முடியாத ஒரு ஃபைலை 30 விநாடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயல்வது. யாரோ திறந்து வைத்த ஒரு அவுட்லுக் மெயில் (பிஎஸ்டி) ஃபைலுக்காக அது ஒரு வருடம் காத்திருக்கும். மறுமுயற்சி 1, இடைவெளி 1 விநாடி என்று மாற்றி, லாகில் தோல்விகளைப் பாருங்கள். பாமினி போன்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கடிதங்கள் நிறைய இருந்தால் அந்த எழுத்துருக்களைப் புதிய சர்வரில் நிறுவுங்கள்; இல்லையென்றால் ஃபைல் வந்து சேர்ந்தும் உள்ளே புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் இருக்கும்.

டேட்டாபேஸுக்கு வேறு முறை. ஒரு வாரம் முன்பு ஃபுல் பேக்கப் எடுத்து, புதிய சர்வரில் நோ ரெக்கவரி நிலையில் (மேலும் ஏற்றுவதற்குக் காத்திருக்கும் நிலை) ரீஸ்டோர் செய்யுங்கள். பிறகு, அதன்பின் நடந்த மாற்றங்கள் இருக்கும் லாக் பேக்கப்களை வரிசையாக ஏற்றுங்கள். கடைசி இரவில் ஏற்ற வேண்டியது சில எம்பி மட்டுமே இருக்கும். ஏற்கெனவே ஓடும் வேறொரு பேக்கப் மென்பொருளும் லாக் எடுத்துக்கொண்டிருந்தால் சங்கிலி அறுந்து, நடுவில் ஒரு லாகைக் காணோம் என்று ரீஸ்டோர் நின்றுவிடும். அந்த வாரம் அதை நிறுத்தி வையுங்கள்.

டேட்டாபேஸோடு லாகின்களும் ஏஜென்ட் வேலைகளும் வராது, தனியாகக் கொண்டுபோக வேண்டும். லாகினைப் பெயரை மட்டும் வைத்துப் புதிதாக உருவாக்கினால் உள் அடையாள எண் பொருந்தாமல் பயனர் அநாதையாக நிற்பார்.

ஒத்திகையும் மாற்றும் இரவும்

குறைந்தது இரண்டு ஒத்திகை. இரண்டாவதை உண்மையான வரிசையில், கடிகாரம் வைத்து, எல்லாப் பயனர்களும் ஒரே நேரத்தில் உள்ளே வரும்படி நடத்துங்கள். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வாரக் கடைசியில் புதிய அமைப்புக்கு மாறியது. டேட்டா ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளர்கள் மொத்தமாக உள்ளே வந்ததும் அமைப்பு தாங்கவில்லை. 2022 டிசம்பரில் 4.865 கோடி பவுண்டு அபராதம்.

மாற்றத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஒரு வேலையை முடித்துவிடுங்கள்: எல்லா பிசியிலும் ஐபி எண்ணுக்குப் பதில் ஒரு டிஎன்எஸ் பெயர் வழியாகப் பழைய சர்வரை அணுக வையுங்கள். விட்டுப்போன கருவிகள் அப்போதே தெரிந்துவிடும். மாற்றும் இரவில் ஒரே ஒரு பதிவை மாற்றினால் போதும். அந்தப் பதிவை பிசிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை (டிடிஎல்) 48 மணி நேரம் முன்பே 300 விநாடியாக்குங்கள்.

மாதக் கடைசி, மார்ச், 10 முதல் 20-ம் தேதி வரை இவற்றைத் தவிர்த்து ஒரு சனிக்கிழமை. மாலை 6 மணிக்குப் பதிவுகளை நிறுத்தி, டேட்டாபேஸ் லாக்கில் இன்னும் பேக்கப் ஆகாத வால்பகுதியை பேக்கப் எடுங்கள். இதில் பழைய டேட்டாபேஸை ரீஸ்டோரிங் நிலையில் விட்டுவிடும் தேர்வு உண்டு. அதைப் பயன்படுத்தினால் பழைய சர்வரில் ஒருவரும் எதையும் போட முடியாது. இரவு 8-க்குள் புதிய இடத்தில் ரீஸ்டோர், டேட்டாபேஸ் கெடவில்லையா என்று பார்க்கும் செக்டிபி. அதன்பின் சரிபார்ப்பு, கண்ணால் அல்ல, எண்ணால்: டிரையல் பேலன்ஸ், பொருள்வாரி ஸ்டாக், கடைசி இன்வாய்ஸ் எண், முக்கிய டேபிள்களின் வரி எண்ணிக்கை. நிறுத்தியதும் பழையதில் எடுத்த அச்சுப்பிரதியோடு கணக்காளர் ஒப்பிட்டுக் கையெழுத்திடட்டும்.

ஞாயிறு காலை ஐந்தாறு பேர் உண்மையான வேலைகளைச் செய்து பார்க்கட்டும். மாலை 4 மணி முடிவு நேரம்: தொடர்வதா, திரும்புவதா. அதைச் சொல்லப்போகும் ஒரே ஒருவரின் பெயர் முன்பே தாளில் இருக்க வேண்டும். திங்கள்கிழமை முதல் இன்வாய்ஸ் விழுந்துவிட்டால் பின்வாங்குவது என்பது ஒரு நாள் பதிவுகளைத் திரும்பக் கையால் ஏற்றுவது.

மாற்றிய பிறகு

கிளவுடில் இருப்பதாலேயே பேக்கப் ஆகிவிடாது. 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் ஏடபிள்யூஎஸ் கன்சோலுக்குள் புகுந்தவர்கள் சர்வர்களோடு பேக்கப்களையும் அழித்தார்கள்; நிறுவனம் மூடப்பட்டது. எல்லாம் ஒரே அக்கவுன்ட்டில் இருந்ததே காரணம். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஹெச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, நகலையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு இரண்டுமே போயின. ஆகவே வேறு அக்கவுன்ட், வேறு ரீஜன், குறித்த நாள்வரை ஒருவரும் அழிக்க முடியாத பூட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீஸ்டோர் செய்து பார்த்து, எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள்.

கம்பெனிச் சட்ட விதிப்படி கணக்குப் புத்தகங்களின் நகல் தினசரி இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் போட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சைபர் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இரண்டையும் முதல் வாரத்திலேயே அமைத்துவிடுங்கள்.

நான்கு வாரம் ஓடிய பிறகு பயன்பாட்டைப் பார்த்து இன்ஸ்டன்ஸைச் சரியான அளவுக்கு மாற்றுங்கள். அதன்பிறகே ஒரு வருட ஒப்பந்தத் தள்ளுபடி வாங்குங்கள். முன்கூட்டியே வாங்கினால் தவறான அளவோடு ஒரு வருடம் மாட்டிக்கொள்வீர்கள்.

பழைய சர்வரிலிருந்து மாற்றும் இரவிலேயே டேலி லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். முடிவு உறுதியானதும் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செருகியே இருந்தால் டெஸ்க்டாப்பில் மிச்சமிருக்கும் பழைய ஷார்ட்கட் வழியாக யாராவது அதிலுள்ள டேலியில் ஒரு வாரம் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒரு காலாண்டுக் கணக்கு முடியும்வரை பெட்டியை அப்படியே வைத்திருந்து, பிறகு டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டு விற்கலாம். பழைய இரும்புக் கடைக்காரரிடம் டிஸ்க்கோடு கொடுக்காதீர்கள்.